மேக்கால சுவரில் காற்று பத்தவில்லை

ஜூன் 9, திங்கள்

மகி பிறந்த பிறகு இன்றைக்குத்தான் முதல்முறையாக வேலைக்குப் போனேன். தனியாக இல்லை. மகியைத் தூக்கிக்கொண்டு, மகியின் பையைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பையில் வைக்க மறந்ததையெல்லாம் நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டு.

"ஸ்பீக்கர் எடுத்துக்கிட்டியா, அம்மிணி?" வாசலில் இவர்.

"ஸ்பீக்கரெல்லாம் அங்கயே மாட்டியாச்சுங்க."

"இல்ல, இடுப்புல ஒண்ணு இருக்கே, அதக் கேட்டேன்."

மகி அந்த நேரம் பார்த்துக் கத்தி, அவர் சொன்னதை நிரூபித்தாள்.

மகி பெரியவளானதும் இந்த டைரியைப் படிப்பாள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதனால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். இவர் என்றால் உன் அப்பா, விசாகன். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாரை ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்கிற இன்ஜினியர். நாள் முழுக்க இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற மனுஷன், நீ தொட்டிலில் புரண்டு படுத்தால்கூட விழித்துக்கொள்கிறார். நான் விழிப்பதில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள்.

வேலை இதுதான். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருக்கிற கலைக்கூடத்தில், ஜன்னலே இல்லாத ஒரு பெரிய இருட்டு அறைக்குள் ஆடிக்காற்றைக் கொண்டுவரவேண்டும். காற்று மேற்குச் சுவரில், பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற மாதிரி நுழையும். தென்னை ஓலைகளை உலுக்கும். கொடியில் காய்கிற வேட்டியைப் படபடக்க வைக்கும். யார் வீட்டுக் கதவையோ அறைந்து சாத்தும். கிழக்குச் சுவரில் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு வெளியே போகும். இத்தனைக்கும் அறைக்குள் ஒரு மின்விசிறிகூடக் கிடையாது. நாலு சுவரிலும் கூரையிலும் ஸ்பீக்கர்கள், மேலேயிருந்து தொங்குகிற குட்டிக்குட்டி விளக்குகள், அவ்வளவுதான். சத்தம் நகர்கிற வழியில் விளக்கும் அலையாக நகரவேண்டும். வருகிறவர்கள் தங்களையறியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டால் நான் ஜெயித்தேன்.

சத்தம் என் பொறுப்பு. விளக்கு ஜெசிந்தா அக்கா. போத்தனூர்க்காரி. நாடகம், சர்ச் விழா, கல்யாண வரவேற்பு என்று ஊரில் பாதிப் பேர் மேல் வெளிச்சம் அடித்தவள். மகியைப் பார்த்ததும், "ஏண்டி, உதவிக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வான்னா, நாம உதவி பண்ணவேண்டிய ஆளக் கூட்டிட்டு வந்திருக்க?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மகி அவளுடைய கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாள்.

திறப்பு ஜூலை 19. ஆடி பிறந்த வாரம்.

ஜூன் 11, புதன்

ஒரு விஷயம். பயப்படும்படி ஒன்றுமில்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

மகி சத்தத்துக்குத் தப்பான பக்கம் திரும்புகிறாள்.

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது வலப்பக்கம் ஒரு குயில் கூவியது. என் இடுப்பில் இருந்த மகி சட்டென்று இடப்பக்கம் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தாள். சாயந்தரம் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. இவள் எங்கள் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். (அது எங்கள் குக்கர்தான் என்று பருப்பு தீய்ந்த வாசனை வந்த பிறகு தெரிந்தது. ஆனாலும் குயில்?)

இவரிடம் சொன்னேன். "ரெண்டு காதும் மாறியிருக்குமோன்னு பயமா இருக்குங்க."

"செருப்பு மாதிரி மாத்திப் போட்டுட்டாளாக்கும்," என்றார். "கழட்டிச் சரியா மாட்டி விடு."

இந்த வீட்டில் கவலைப்பட நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஜூன் 14, சனி

ஹெட்ஃபோன் போய்விட்டது. இடது பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மகி அதைக் கடித்ததை நானே பார்த்தேன், ஆகவே விசாரணை தேவையில்லை.

ஜூன் 16, திங்கள்

புது ஹெட்ஃபோன் வாங்கினேன். இதிலும் இடது பக்கம் மந்தம். இப்போதெல்லாம் எந்தக் கம்பெனியும் ஒழுங்காகச் செய்வதில்லை. ஜெசிந்தா அக்கா வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, ரெண்டு பக்கமும் காத்து பிச்சுக்கிட்டுப் போகுது," என்றாள். விளக்குக்காரிக்கு என்ன தெரியும்?

ஜூன் 18, புதன்

ராத்திரி மகி அழுததற்கு மறுபடியும் அவர்தான் முதலில் எழுந்தார். நான் கண் விழித்தபோது அவர் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். வெகுநேரமாக அழுதாளா என்று கேட்டேன். "இல்ல, இப்பத்தான்," என்றார். மகியின் கண் இரண்டும் சிவந்து வீங்கி, வேறு ஏதோ சொன்னது.

பெற்றவளுக்குத்தான் முதலில் கேட்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா, அம்மா, பிரசவம் பார்த்த நர்ஸ், எல்லாரும்.

ஜூன் 20, வெள்ளி

முதல் ஒத்திகை. கலைக்கூடத்து நிர்வாகி சென்னியப்பன் சார் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சில் வார்த்தைக்கு ஒரு 'ங்க'. அறையின் தெற்கு மூலையில் என் மேசை. அங்கே வடக்குப் பார்த்து நின்று, மகியை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஓடவிட்டேன்.

என் காதுக்கு அருமையாக இருந்தது. காற்று மேற்கில் நுழைந்து, மெல்ல வளர்ந்து, தலைக்கு மேலே போய், கிழக்கில் இறங்கியது.

திரும்பிப் பார்த்தால் மேற்குச் சுவர் ஓரம் நின்றிருந்த சென்னியப்பன் சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறையின் நடுவுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, மேக்கால கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிருச்சுங்களா?"

"கொஞ்சமா?" என்றாள் ஜெசிந்தா அக்கா. "அங்க நின்னா போட்டிருக்கிற பவுடரெல்லாம் பறந்துடும். கெழக்கால வந்தா காத்தாலை கொட்டாவி விடுது."

"எனக்குச் சரியாத்தான் கேக்குது," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மகியைப் பார்த்தார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மகி எப்போதும் என் இடது இடுப்பில். இடது காதுக்கு நேரே அவள் வாய். அது ஓய்வதே இல்லை. அவள் சத்தத்தைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்று நான் மேற்குச் சுவரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். காரணத்தைச் சொன்னதும் சென்னியப்பன் சார் மனசாரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு எளிமையான காரணம்!

போகும்போது மட்டும், "தேவைப்பட்டாச் சொல்லுங்க, சென்னையில நமக்குத் தெரிஞ்ச சவுண்டுத் தம்பி ஒருத்தர் இருக்காருங்க. ஒரு நாள் வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயிருவாரு," என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இந்த அறை என் கையைவிட்டுப் போனால் இதற்குப் பிறகு என்னை யார் கூப்பிடுவார்கள்? 'குழந்தை பெத்துக்கிட்டா, காது போச்சு' என்பார்கள்.

கை போச்சு என்று எழுத நினைத்தேன். காது என்று வந்துவிட்டது. இருக்கட்டும்.

ஜூன் 23, திங்கள்

இவர் லீவு போட்டு மகியை வைத்துக்கொண்டார். வெறும் இடுப்போடு போனேன். இடுப்பு என்னுடையது மாதிரியே இல்லை.

அறை நிசப்தம். ஓடவிட்டேன். மேற்குச் சுவரில் இப்போதும் காற்று பத்தவில்லை.

ஸ்பீக்கர்தான் கோளாறு என்று மேற்கே இருந்ததையெல்லாம் கிழக்கிலும் கிழக்கே இருந்ததையெல்லாம் மேற்கிலும் மாற்றி மாட்டச் சொன்னேன். ஏணியில் ஏறி மாட்டிய ஆட்கள் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ. மாற்றிய பிறகும் மேற்கில்தான் பத்தவில்லை. அப்படியானால் சுவர். அந்தச் சுவர் சத்தத்தைக் குடிக்கிறது. சில சுவர்கள் குடிக்கும்.

"மதி," என்றாள் அக்கா, "இந்த ஊர்ல குடிக்காத ஒரே சுவரு அதுதான். நேத்துக் கட்டினது."

சொல்ல மறந்துவிட்டேன், மகி. நான் வான்மதி. நீ என்னை அம்மா என்பாய். அதனால் பேர் தெரியாமலே போய்விடக்கூடாது.

மத்தியானம் இவருக்கு ஃபோன் செய்தேன். மகி சாப்பிட்டாளாம், தூங்கினாளாம், சிரித்தாளாம். நான் இல்லாமல் ஒரு தடவைகூடத் தேடவில்லையா என்று கேட்டேன். ஏதோ முணுமுணுத்தார். இவருடைய ஒரு கெட்ட பழக்கம் இது. கல்யாணமான புதிதில் கணீரென்று பேசுவார். இப்போது எல்லாம் முணுமுணுப்பு.

ஜூன் 25, புதன்

இவருக்குப் புதிதாக வலப்பக்கப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சோபாவில் நான் எங்கே உட்கார்ந்தாலும் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம்தான் உட்காருகிறார். கடைவீதியில் நடந்தாலும் அப்படியே. ஆட்டோவில் என்னை நகரச் சொல்லி இறங்கி மறுபக்கம் ஏறினார். ஜாதகம் ஏதாவது பார்த்தாரோ என்று கேட்டேன். "வலப்பக்கம் நின்னா நீ அழகாத் தெரியிற," என்றார். எட்டு மாதமாகத் தலை வாராதவளிடம் சொல்கிற பொய்யா இது?

ஜூன் 28, சனி

ஸ்பூனால் தட்டைத் தட்டிப் பார்த்தேன். சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தேன். இவரை இரண்டு கதவில் ஏதாவது ஒன்றின் பின்னால் ஒளிந்துகொண்டு மியாவ் சொல்லச் சொன்னேன். மியாவ் வலப்பக்கம் கேட்டது. மகி இடப்பக்கம் பார்த்தாள். இவரும் இடப்பக்கக் கதவிலிருந்துதான் வெளியே வந்தார். ஓடிப்போய் மாறி நின்றுகொண்டு என்னை ஏமாற்றுகிறார் என்று சண்டை போட்டேன். வழக்கமாக அவர் பதிலுக்குச் சண்டை போடுவார். இன்றைக்குச் சாவிக்கொத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றார்.

"மகிக்குத்தானே?"

"போலாம்."

ஜூலை 1, செவ்வாய்

மகிக்கு ஒன்றுமில்லை. இரண்டு காதும் பிரமாதம். முதலில் இதை எழுதிவிட்டேன்.

அந்தச் சோதனை அறையைப் பற்றி எழுதவேண்டும். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. நடுவில் ஒரு நாற்காலி, அதில் நான், என் மடியில் மகி. இடப்பக்கம் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பெட்டி, வலப்பக்கம் ஒன்று. எதிரே ஒரு பெண் துணிப்பொம்மையை ஆட்டி மகியை முன்னால் பார்க்கவைப்பாள். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, காது சோதிக்கிற ஷபானா ஏதோ ஒரு பக்கத்திலிருந்து மெலிதாக ஒரு சத்தம் விடுவாள். குழந்தை சரியான பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துப் பெட்டிக்குள் விளக்கு எரியும். உள்ளே ஒரு குரங்கு தாளம் தட்டும். அதுதான் பரிசு. முதலில் சத்தம், பிறகு குழந்தை திரும்புவது, அதற்குப் பிறகுதான் வெளிச்சம்.

என்ன ஒரு யோசனை! நாங்கள் அங்கே சத்தத்தையும் விளக்கையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருக்கிறோம். கண் முந்திக்கொள்கிறது, காதுக்கு வேலையே இல்லை. விளக்கு பிந்தி வரவேண்டும். ஆள் காற்றைத் தேடித் திரும்பிய பிறகு ஓலை வெளிச்சமாகவேண்டும். இதை அக்காவிடம் சொல்லவேண்டும்.

"நீங்க மட்டும் திரும்பக்கூடாதுங்கக்கா," என்று ஷபானா முதலிலேயே சொல்லியிருந்தாள். "உங்களப் பாத்துப் பாப்பா திரும்பிரும்." அதனால் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சத்தம் வந்தது. வலப்பக்கம். மகி இடப்பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா! இதத்தான் சொன்னேன்!"

இடப்பக்கப் பெட்டியில் விளக்கு எரிந்தது. குரங்கு தாளம் தட்டியது. மறுபடி வலப்பக்கம் சத்தம். மகி மறுபடி இடப்பக்கம். மறுபடி அதே குரங்கு. எனக்குப் பொறுக்கவில்லை. இதே தொழிலில் இருக்கிறவள் இல்லையா? "தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க வயரை மாத்திக் குத்தியிருக்காங்க," என்று ஷபானாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஷபானா எழுந்து உள்ளே வந்தாள். வயரைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து மகியின் கன்னத்தைக் கிள்ளினாள். "வயர் சரியா இருக்குங்கக்கா. பாப்பாவும் சரியா இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஃபோன் எந்தக் காதுல வச்சுப் பேசுவீங்க?" என்று கேட்டாள்.

நல்ல பெண். சின்ன வயது. மகிக்கு ஒரு பலூன் கொடுத்தாள்.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கை வேலையாக இருந்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

மறுபடி வந்தது. கை வேலையாக இல்லை.

ஜூலை 4, வெள்ளி

விளக்கு பிந்தி வரவேண்டும் என்று சொன்னதும் ஜெசிந்தா அக்கா என்னை அடிக்க வந்தாள். இருநூற்றுச் சொச்சம் விளக்குக்கும் நேரம் மாற்றவேண்டுமாம். "எனக்கு மாப்பிள்ளை பாக்கறப்போகூட இத்தன தடவ மனசு மாத்தல," என்றாள். திட்டிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திட்டிக்கொண்டே முடித்தாள். மத்தியானம் ஒரு பகுதியை மட்டும் ஓடவிட்டோம்.

இதுவரை மேசைக்குப் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், முதல்முறையாக அறையின் நடுவில் போய், வழக்கம்போல் வடக்குப் பார்த்து நின்றேன். பக்கத்தில் டீ கொண்டுவந்த வசந்தாக்கா, வாட்ச்மேன், ஏணி ஆட்கள் இரண்டு பேர். இருட்டு. எங்கோ வேட்டி படபடத்தது. எல்லாரும் திரும்பினோம். பிறகு விளக்கு எரிந்தது.

விளக்கு என் முதுகில் விழுந்தது.

மற்றவர்களின் முகத்தில் விழுந்தது. அத்தனை பேரும் மேற்கைப் பார்த்து நின்றார்கள். நான் ஒருத்தி மட்டும் கிழக்கைப் பார்த்து நின்றேன். என் நிழல் கிழக்குச் சுவரில் நெடுநெடுவென்று நின்றது.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். இன்னொரு தடவை என் நிழல்.

ஜெசிந்தா அக்கா இதை வைத்து ஒரு மாதத்துக்குக் கேலி பேசப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மேசையைவிட்டு எழுந்து வந்து, சுற்றிக்கொண்டு, என் வலப்பக்கம் வந்து நின்றாள்.

"டீ ஆறுது, வா," என்றாள்.

கேலியே பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 7, திங்கள்

ஷபானாவைப் பார்க்கப் போனேன். குழந்தையின் ரிப்போர்ட்டை வாங்கப் போவதாக இவரிடம் சொன்னேன். ரிப்போர்ட்டை அன்றைக்கே பையில் வைத்து எடுத்துவந்தவர் அவர்தான். "சரி, போய் வாங்கிட்டு வா," என்றார்.

இந்தத் தடவை மடியில் யாரும் இல்லை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. இடைவேளை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஷபானாவின் விரல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

பெரிய டாக்டரும் பார்த்தார். காதுக்குள்ளே அதிர்கிற ஒரு குட்டி எலும்பு இறுகிப்போயிருக்கிறதாம். இடது காதில். நீண்ட நாளாக மெல்ல மெல்ல வந்திருக்குமாம். சில பெண்களுக்குப் பிரசவ சமயத்தில் கூடுதலாகத் தெரியவருமாம். ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை. அதுவரை ஒரு சின்ன மெஷின் வைத்துக்கொள்ளலாம். ஒரு காது மந்தமானால் எல்லாச் சத்தமும் நல்ல காதுப் பக்கமிருந்தே வருவதுபோலத்தான் தோன்றுமாம்.

அப்படியானால் அந்தக் குயில் வேப்பமரத்தில்தான் இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று இதற்கு மேல் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் மகிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"குக்கர் விசில் விட்டுட்டே இருந்துச்சு, நீ பக்கத்து வீட்டுக்காரங்களத் திட்டிட்டு இருந்த. அன்னைக்குச் சந்தேகம் வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு தடவ. இடப்பக்கம் நின்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மகி என்னைப் பார்த்துச் சோற்றைத் துப்பினாள்.

"அப்ப நீங்க முணுமுணுக்கவே இல்லையா?"

"முணுமுணுத்தேன். ஆனா கஷ்டப்பட்டு வலப்பக்கம் வந்து முணுமுணுத்தேன், பாரு, அதுக்கு ஒரு மரியாதையும் இல்ல."

அதற்குப் பிறகுதான் அதைக் கேட்டேன். ராத்திரியில் மகி எவ்வளவு நேரம் அழுவாள் என்று. பொய் சொல்லாதீர்கள் என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கட்டிலைக் காட்டினார். கட்டிலுக்கு வலப்பக்கம் தொட்டில். "நீ அவளப் பாத்தே ஒருக்களிச்சுப் படுக்கிற. நல்ல காது தலகாணிக்குள்ள போயிருது. மந்தக் காது மேல இருக்கு. அப்புறம் எப்படிக் கேக்கும்? எங்க கம்பெனி மோட்டார் வெடிச்சாலும் கேக்காது."

அவ்வளவுதானா? இத்தனை ராத்திரி நான் என்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டேன். அவளைப் பார்த்தபடியே படுத்ததுதான் காரணமா?

ஜூலை 10, வியாழன்

சென்னியப்பன் சாரிடம் சொல்லிவிட்டேன். அவருடைய அறைக்கு வெளியே மூன்று தடவை நடந்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். சென்னைத் தம்பியைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குச் சக்கரை வந்து வருசக்கணக்காச்சுங்க. ஆனா எங்க சொந்தத்துல எந்தக் கல்யாணம்னாலும் பலகாரத்துக்குப் பதம் பாக்கறது இன்னமும் நான்தானுங்க. நாக்குல வெக்கிறது எம்பட சம்சாரம். தலையாட்டறது நானு." என்னைப் பார்த்தார். "உங்குளுக்கு நாக்குல வெச்சுச் சொல்ல ஒரு ஆளு கெடைக்குமுங்களா?"

"கிடைக்கும்," என்றேன்.

யார் என்று அப்போது எனக்கும் தெரியாது. பஸ்ஸில் வரும்போது மடியிலிருந்தவள், கண்டக்டர் விசிலுக்குச் சட்டென்று இடப்பக்கம் திரும்பினாள். நான் அவளை நம்பி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் அங்கேதான் நின்றிருந்தார்.

ஜூலை 12, சனி

அறையின் நடுவில் பாய் விரித்து மகியை உட்காரவைத்தோம். அவளுக்கு எதிரே அவள் அப்பா, துணிப்பொம்மையோடு. ஷபானா செய்த அதே மாதிரி. நான் மேசையில். அக்கா விளக்கில். ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கர், மெலிதாக. மகி திரும்பினால் அந்தப் பக்கத்து விளக்குகள் மினுமினுக்கும். திரும்பாவிட்டால் நான் ஒரு பொட்டு ஏற்றுவேன். திடுக்கிட்டால் இறக்குவேன்.

வடக்கு, சரி. கிழக்கு ஓலை, சரி. கூரை! அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தாள், எச்சில் ஒழுகியது, சரி. மேற்கில் நான் வைத்திருந்த அளவுக்குப் பயந்து வீறிட்டாள். இறக்கினேன். இன்னும் இறக்கினேன். என் காதுக்கு மேற்கில் ஒன்றுமே இல்லாமல் போனது. வெறும் இருட்டு. மகி அந்த வெறும் இருட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"இருக்குன்னு சொல்றாளா?" என்றேன்.

"இருக்குங்கறா," என்றார் இவர்.

இதற்கு நடுவே பால் குடிக்க ஒரு தடவை, ஜட்டி மாற்ற ஒரு தடவை, காரணமே இல்லாமல் அழ ஒரு தடவை வேலைநிறுத்தம் செய்தாள். விளக்கைப் பிடிக்கத் தவழ்ந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். "நான் வேலை பாத்ததுலயே ரொம்பக் கெடுபிடியான சவுண்ட் இன்ஜினியர்டி இது," என்றாள் அக்கா. "நடுவுல தூங்கவும் செய்யுது." சாயந்தரம் சென்னியப்பன் சாரை மேற்குச் சுவர் ஓரம் நிற்கவைத்து முழுசாக ஓடவிட்டோம். காதைப் பொத்தவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அவர் இழுத்தார், நான் அதிகாரம் செய்தேன்.

ஜூலை 19, சனி

திறந்தாகிவிட்டது.

வாசல் பலகையில் பேர் எழுதியிருந்தார்கள். ஒலி: வான்மதி. ஒளி: ஜெசிந்தா. அதன் கீழே, ஒலிச் சமன்: மகிழினி. பத்திரிகையிலிருந்து வந்திருந்தவர், "மகிழினி மேடத்தப் பாக்க முடியுமா?" என்று கேட்டார். அக்கா நீட்டிய மேடத்தை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் அவர் பேனாவைக் கீழே போட்டார்.

நான் நடுவில் நின்று கேட்கவில்லை, பார்த்தேன். இருட்டில் ஒவ்வொரு தலையாகத் திரும்புவதும், பிறகு அந்த முகங்களில் வெளிச்சம் வந்து விழுவதும். மேற்கே திரும்பினார்கள், அண்ணாந்தார்கள், கிழக்கே திரும்பினார்கள். ஒரு அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். போதும்.

கூட்டம் போன பிறகு மேற்குச் சுவர் ஓரம் போய், வலது காதைச் சுவர்ப் பக்கம் வைத்து நின்றேன். மெல்லிசாக, எங்கோ கணவாய்க்கு அந்தப் பக்கம் புறப்படுகிற மாதிரி, காற்று இருந்தது. அவள் சொன்னது சரி.

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் தூங்கினோம். இப்போது தொட்டில் கட்டிலுக்கு இடப்பக்கம். இடப்பக்கம் ஒருக்களித்து, மகியைப் பார்த்தபடி படுத்திருந்தேன். நல்ல காது மேலே.

சிணுங்கல்கூட இல்லை. சிணுங்குவதற்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சு விடுவாள், அதுதான் கேட்டது. எட்டு மாதமாக இவள் இப்படி ஒரு மூச்சு விடுவாள் என்றே எனக்குத் தெரியாது. நான் எழுந்து தூக்கிவிட்டேன். அழக்கூட வாய்ப்புக் கொடுக்கவில்லை. மகிக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

திரும்பிப் பார்த்தேன். இவர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டைகூட விட்டார். இவருக்குக் குறட்டை கிடையாது. போர்வைக்கு வெளியே கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதை நான் பார்க்கவில்லை, மகி. இன்றைக்கு நான்தான் முதலில் எழுந்தேன்.